ததேயுமேரி வீட்டுக் கதவு

கனகமணி தன் வீட்டு வாசற்கதவைத் திறந்து வெளியே கால் வைத்தவள், யாரோ ஒருத்தியின் அடுப்படியில் போய் நின்றது ஒரு புதன்கிழமை காலையில். கையில் குப்பைக் கூடை, தலையில் ஈரத்துண்டு, காலில் ஒன்றுமில்லை. திருப்பூர் அம்மன் நகரில், லிஃப்ட் என்றைக்கும் பழுதாகியே கிடக்கும் அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், எதிர்வீட்டுக் கதவும் அதற்கு மேலே பல்லைக் காட்டும் திருஷ்டிப் பொம்மையும் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டுக்கூரையும் புகை குடித்த சுவரும் மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பும் அடுப்பின் மேல் மூடாத மண்சட்டியும் இருந்தன. வாசலும் அடுப்படியும் ஒரே அறையாக இருந்த அந்த வீட்டின் கொல்லைப்பக்கத்திலிருந்து ஒரு பெண், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "வந்தாச்சா?" என்று கூவியபடி ஓடி வந்தாள். வந்தவள் கனகமணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள், முகம் சுண்டிப்போயிற்று.

"நீ ஆரு?"

"நானுங்களா? குப்பை கொட்ட வந்தனுங்க" என்றாள் கனகமணி. வேறு என்னத்தைச் சொல்வாள், பாவம்.

திரும்பி அதே வாசலைத் தாண்டினால் தன் வீட்டுக் கூடம். மறுபடி கதவைத் திறந்தால் அந்த அடுப்படி. அந்த வீட்டுப் பின்வாசலால் போய்ப் பார்த்தாள், தன் வீட்டுப் பால்கனியில் துணிக்கொடிக்கு அடியில் வந்து முட்டிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் ஒன்று தெளிவாகிவிட்டது, கனகமணிக்கு உலகத்தில் இனி இரண்டே வீடுகள்தாம், ஒன்று அவளுடையது, இன்னொன்று கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ததேயுமேரியுடையது; இதிலிருந்து அது, அதிலிருந்து இது, நடுவில் தெருவும் இல்லை வெயிலும் இல்லை.

ஏன் அந்த வீடு, ஏன் கனகமணி என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை, கனகமணிக்கு மட்டும் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துபோயிற்று. அந்த மண்சட்டியின் விளிம்பில் ஓர் ஓரம் உடைந்திருந்ததை அவள் முன்பே ஒரு போட்டோவில் பார்த்திருக்கிறாள், அந்தப் போட்டோவை அவளே விரலால் இழுத்து வெட்டி, மூலையில் இருந்த பெயரை மறைத்து, தன் சேனலின் பெயரைப் போட்டிருக்கிறாள்.

கனகமணி 'கொங்கு மண்சட்டி' என்று ஒரு சேனல் நடத்திவந்தாள். பள்ளிபாளையம் சிக்கனும் கம்பஞ்சோறும் அரிசிம்பருப்பும் போட்டுப் போட்டு, போட எதுவும் இல்லாமல் போன ஒரு நாளில், சமையல் குழு ஒன்றில் ததேயுமேரி என்பவள் எழுதியிருந்த சாளைமீன் புளிமுளம் என்ற குழம்பு கண்ணில் பட்டது. அந்தக் குழுவின் தலைமாட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள், எடுக்குமுன் கேளுங்கள், எடுத்தால் பெயர் சொல்லுங்கள் என்று. செருப்பைக் கழற்றி விடவும் என்று எழுதியிருக்கும் பலகையை நாம் படிப்பதுபோலத்தான் அவளும் படித்தாள். தேங்காயும் மிளகாயும் புளியும் எவ்வளவு என்று சொல்லிவிட்டு, கடைசியில் ததேயுமேரி இப்படி எழுதியிருந்தாள்: 'கடைசித் துண்டு ஒண்ணு சட்டிக்க அடியில கெடக்கட்டும். அத எடுக்கப்பிடாது, சட்டிய மூடப்பிடாது. வாசக்கதவ சாத்தாம வைக்கணும். அவரு வந்தா சூடாக்கிக் குடுக்கணும்லா.'

அட, என்ன அழகாயிருக்கிறது என்று கனகமணிக்குத் தோன்றியது, தோன்றினால் கை சும்மா இருக்குமா? சாளை என்று எழுதியிருந்த மத்தி மீனை வாங்கிவந்து, மண்சட்டியில் வைத்து, கேமராவைப் பார்த்து, கண்ணில் லேசாக நீர் முட்ட, "எங்க வீட்டுல எப்பவுமே கடைசித் துண்டை எடுக்க மாட்டோமுங்க, அவரு வர்ற வரைக்கும் வாசக்கதவைத் திறந்தேதான் வெச்சிருப்பேன்" என்று சொன்னாள். வாசற்கதவு விரியத் திறந்து கிடப்பதை நாச்சிமுத்துவை வீடியோ எடுக்கச் சொன்னாள். எடுத்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு, நாச்சிமுத்து அந்தக் கடைசித் துண்டை எடுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றான். அவன் அவள் புருசன், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அன்றைக்குக் காலையிலிருந்து எங்கும் போகாமல் வீட்டில்தான் இருந்தான்.

வீடியோ ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது. அவள் போட்ட எதுவும் அப்படி ஓடினதில்லை. ஊர் ஊராகப் பெண்கள் கடைசித் துண்டைச் சட்டியில் விட்டுப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்தச் சந்தோசம் அடங்குவதற்குள் இந்தப் புதன்கிழமை வந்துவிட்டது.

குடியிருப்புக்காரர்கள் இதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, தண்ணீர் லாரி வராததற்குப் பட்ட கவலையில் பாதிகூடப் படவில்லை. கனகமணியால் கீழே இறங்க முடியாது என்பதால் சங்கக் கூட்டத்தை அவள் கூடத்திலேயே போட்டார்கள். செயலாளர் சபாபதி, ஓய்வு பெற்ற மின்வாரியக்காரர், கதவைத் தானே திறந்து பார்த்தார், அவருக்கு மாடிப்படிதான் தெரிந்தது. கனகமணியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கடலோரத்து அடுப்படி தெரிந்தது. "சரி, கதவுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க, அம்மணிகிட்டத்தான்" என்று முடிவு சொல்லிவிட்டு அடுத்த விசயமான மோட்டார் ரூம் பூட்டுக்குப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவர்களும் போகலாம், அவள் கையைப் பிடித்துக்கொண்டே திரும்பலாம் என்பதை யாரோ ஒரு பிள்ளை கண்டுபிடித்தது. அவ்வளவுதான், முதல் மாடிக்காரி கடல் பார்க்காத தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், நான்காம் மாடிக்காரி கூடையோடு பச்சை மீனுக்கு வந்தாள், பரீட்சை முடிந்த பிள்ளைகள் வரிசைகட்டி வந்தார்கள். எல்லோரும் ததேயுமேரி வீட்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, அவள் வீட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்து, "காத்து நல்லா வருதுங்க" என்று சொல்லி, ஒருத்தர்கூட வரலாமா என்று கேட்காமல், வந்து போனார்கள்.

ஒவ்வொரு தடவையும் கதவு அசைந்ததும் ததேயுமேரி எங்கிருந்தாலும் ஓடி வந்தாள். "வந்தாச்சா?" என்பாள். பார்ப்பாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அது ஏன் என்று கேட்க கனகமணிக்கு வாய் வரவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

கனகமணிக்கு இதெல்லாம் பெரிதில்லை. காய்கறி மேலே வந்துவிடும், குப்பையை நாச்சிமுத்து கொட்டிவிடுவான். அவளுக்கு இருந்தது ஒரே கவலை, தாரணி.

தாரணி அவர்களுடைய ஒரே மகள், நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்தாள். விடியுமுன் எழுப்பிப் படிக்க வைப்பார்கள், இருட்டிய பிறகும் படிக்க வைப்பார்கள், பெற்றவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம். சேர்த்துவிட்ட நாளிலிருந்து அந்தப் பெண் வார்டன் போனில் அழுதுகொண்டிருந்தாள், கனகமணியும் எல்லா அம்மாக்களையும்போல "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க கண்ணு, இந்த ஒரு வருசந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாத ஞாயிற்றுக்கிழமைக்கு அவளால் போக முடியவில்லை. நாச்சிமுத்து மட்டும் முறுக்கும் பொரிகடலை உருண்டையும் எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் திறக்காத பலகாரத் தூக்குப்போசியை அப்படியே மேசை மேல் வைத்தான்.

"பேசவே இல்ல மணி. அம்மா வர்லயான்னு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. அப்புறம் கேட்டையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு."

அன்றைக்குக் கனகமணி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த மாத ஞாயிறு வருமுன் எப்படியாவது இந்தக் கதவிலிருந்து தப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை நம்மை விட்டே போய்விடும் என்று பயந்தாள்.

இரண்டாம் மாடி வக்கீல் மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிய கோலத்திலேயே வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"இதப் பாருங்க கனகமணி, இன்ன பொருள், இன்ன அளவு, இப்படி வதக்கு, அப்படிக் கொதிக்கவை, இதுக்கெல்லாம் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சாம்பார் எங்களோடதுன்னு எவ கேஸ் போட முடியும்? ஆனா ஒருத்தர் எழுதின வார்த்தை, எடுத்த போட்டோ, அதெல்லாம் அவங்களோடது. நீங்க எதை எடுத்தீங்க?"

"போட்டோவையுந்தானுங்க" என்றாள் கனகமணி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வார்த்தையையுந்தானுங்க. அவங்க வீட்டுக்காரரையுந்தானுங்க" என்றாள்.

மெஹருன்னிசா கைப்பையை மடிக்கு மாற்றினார். "அந்தக் கடைசிது சட்டத்துல இல்லம்மா. அதுக்கு நான் என்ன பண்ண?"

"கோர்ட்டுல போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமுங்களே" என்றார் கூட வந்திருந்த சபாபதி.

"கேக்கலாம். இவங்க வாசலைத் தாண்டி வரட்டும்."

கனகமணி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். வீடியோவுக்குக் கீழே, சேனலுக்கு வரச் சொல்லும் வரிகளுக்கும் மண்சட்டி எங்கே வாங்கலாம் என்பதற்கும் அடியில், யாரும் விரல் தள்ளிப் போகாத ஆழத்தில், 'நன்றி: ததேயுமேரி அக்கா' என்று போட்டாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அதே அடுப்படி. அந்த வரியை மேலே கொண்டு வந்தாள். அதே அடுப்படி. வீடியோவையே சேனலிலிருந்து நீக்கிவிட்டாள், நீக்கும்போது நெஞ்சு வலித்தது, அதற்கும் அதே அடுப்படிதான். ததேயுமேரியிடமே போய், "அக்கா, உங்களை வெச்சே ஒரு வீடியோ போட்டறலாமுங்க, உங்க போட்டோவப் பெருசா முன்னாடி போடறனுங்க, ஊரு பூரா உங்களைத் தெரிஞ்சுக்கும்" என்றாள்.

மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்த ததேயுமேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்க பேரப் போடுன்னு நான் உங்கிட்ட கேட்டனா பிள்ளே?"

"அப்ப என்னைய விட்டிருங்கக்கா. என்ற புள்ளையப் பாக்கோணும்."

"நான் உன்ன புடிச்சா வச்சிருக்கேன்? நீயாட்டு வாறா, நீயாட்டு போறா. எனக்க வீட்டுக்குள்ள ஊரையே கூட்டிட்டு வாறா."

கனகமணி வீட்டுக்குத் திரும்பினாள். வீடியோவை நீக்கியும் பிரயோசனமில்லை என்பதற்குக் காரணம் அந்த வாரமே அவள் வீட்டுக்குள் வந்து நின்றது. குரோம்பேட்டையிலிருந்து பிருந்தா என்றொருத்தி, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, கையில் டிபன் டப்பாவோடு, கனகமணியின் வாசலில் நுழைந்து, "ஐயோ, இது யார் வீடு? எனக்கு டிரெய்ன் போயிடும்!" என்றாள். அவள் அந்தப் புளிமுளத்தைக் கனகமணியிடமிருந்து எடுத்து, கடைசித் துண்டையும் திறந்த கதவையும் தன் வீட்டு வழக்கம் என்று தன் சேனலில் போட்டவள். எடுத்தவளிடம் எடுத்தவள் எடுத்தவள் வீட்டுக்குத்தானே வருவாள்? மறுநாள் மதுரையில் மெஸ் நடத்தும் அய்யாவு வந்தார், பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி, பிறகு பெயர் சொல்ல விரும்பாத ஒருவர். எல்லோரும் கனகமணியின் அடுப்படியைத் தாண்டி எங்கும் போக முடியாமல், போகும்போதும் வரும்போதும் அவள் வீட்டில் முட்டிக்கொண்டு, காபி கேட்டு, போன் சார்ஜர் கேட்டு, "உங்க ரெசிப்பிதானே மேடம், எங்களை வெளிய விடுங்க" என்று அவளையே அதட்டினார்கள். சபாபதி வந்து பார்த்துவிட்டு, வெளியாட்களுக்கென்று வாசலில் ஒரு செருப்புத் தட்டு வாங்கி வைக்கச் சங்கத்தில் தீர்மானம் போட்டார்.

ஒவ்வொரு தடவை கதவு அசையும்போதும் கனகமணி அடுப்பை விட்டுவிட்டு ஓடினாள். தாரணிதான் சுவரேறிக் குதித்து வந்துவிட்டாள், பஸ் பிடித்து வந்துவிட்டாள், பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் நம்பினாள். "வந்துட்டயா கண்ணு!" என்று கூவிக்கொண்டே ஓடுவாள். போய்ப் பார்த்தால் பிருந்தா. போய்ப் பார்த்தால் அய்யாவு. அவர்கள் மேல் பொங்கி வரும் வெறுப்பு, சம்பந்தமே இல்லாத அந்த மனிதர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளத் தோன்றும் அந்த வெறுப்பு, அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அப்படி ஓடிப்போய் அய்யாவுவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். தன் குரல் தன் காதிலேயே கேட்டது. அந்த ஓட்டம், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வரும் அந்த ஓட்டம், அதை அவள் வேறொரு வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

நேராக ததேயுமேரியிடம் போனாள். வழக்கம்போல அவள் ஓடி வந்து, பார்த்து, நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு..."

"கஸ்பாரு" என்றாள் ததேயுமேரி.

"எப்பங்கக்கா போனாரு?"

"அந்தப் புயக்காத்து அடிக்க முந்தின நாளு கடலுக்குப் போனாரு. அவரு போன வள்ளம் வந்துச்சு, கவுந்து வந்துச்சு. கூடப் போனவங்கள்ல ரெண்டு பேரு கரைல ஒதுங்கினாங்க. அவரு வரல்ல. மாதா கோயில்ல அவருக்கப் பேரச் சொல்லிப் பூசை வைக்கணும்னு சாமியாரு வந்தாரு, ஓடச் சொல்லிட்டேன். வரல்லன்னு சொல்லு, செத்தாருன்னு எவளும் எங்கிட்ட சொல்லப்பிடாது." அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அந்தக் கதவு அசைஞ்சா எனக்க ஈரக்கொல எந்திரிச்சு ஓடுது பிள்ளே. ஓடி வந்து பாத்தா நீ. எப்பப் பாத்தாலும் நீ. நீ வரதுக்கு முன்ன அது காத்துக்குத்தான் அசையும், அது காத்துன்னு எனக்குத் தெரியும். இப்ப நெசமாவே காலடிச் சத்தம் கேக்குது. நான் என்ன செய்யட்டு?"

கனகமணிக்கு அங்கேயே தரைக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்தாள், கதவைச் சாத்தினாள், சங்கிலியைப் போட்டாள். இனி நான் திறக்க மாட்டேன் என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டாள். மீனுக்கு வந்தவர்களையும் கடலுக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள், "அது ஒருத்தியோட வீடுங்க" என்று. முதல் மாடிக்காரி முறைத்துக்கொண்டு போனாள். தான் அடைபட்டுக் கிடந்தாலும் அங்கே ஒருத்தி வீணாக ஓடாமல் இருப்பாளே என்பது ஒன்றுதான் மிச்சம், அதுவும் தாரணியின் முகம் நினைவுக்கு வராத நேரத்தில்தான்.

அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே வார்டன் போனிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, இன்னைக்கு வருவியா?"

"அப்பா வருவாரு கண்ணு."

"அப்பா வேண்டாம்." குரல் உயரவே இல்லை. அழவும் இல்லை, அதுதான் கனகமணியைப் பயமுறுத்தியது. "இங்க ஜன்னலுக்கெல்லாம் புதுசா வலை அடிச்சிருக்காங்கம்மா. போன வாரம் பக்கத்து ரூம் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நீ வாம்மா. நீ வந்தா நான் பேசுறேன்."

போன் அறுந்துவிட்டது. கனகமணி கூடத்தின் நடுவில் நின்றாள். கதவைத் திறந்தால் அங்கே ஒருத்தி ஓடி வருவாள். திறக்காவிட்டால் இங்கே ஒருத்தி கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதற்கு நடுவில் அவள் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. கடைசியில் சங்கிலியை எடுத்துவிட்டு, கதவைத் திறக்குமுன், இத்தனை நாளில் முதல் தடவையாக, தன் கதவைத் தானே உள்ளிருந்து தட்டினாள். "அக்கா, அவரில்லைங்க, நான்தானுங்க. கனகமணி. ஓடி வராதீங்க" என்று உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திறந்தாள்.

ததேயுமேரி ஓடி வரவில்லை. கொல்லைப்பக்கத்து நிலையில் கையில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளே?"

கனகமணி உள்ளே போகாமல் படியிலேயே நின்றாள். அவள் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்றுமில்லை. "நான் உங்களைக் கேக்கவே இல்லைங்கக்கா. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். இப்பக் கேக்கறனுங்க. நீங்க எழுதினதை நான் எடுத்துக்கட்டுங்களா?"

ததேயுமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சட்டிப்பக்கம் போய், உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, திரும்பினாள்.

"தேங்காயும் புளியும் ஆருக்கும் உள்ளது. நீ வச்சாலும் சரி, தின்னாலும் சரி. ஆனா நான் சொன்ன பேச்சத் தரமாட்டேன். எனக்க கஸ்பாருக்க துண்டத் தரமாட்டேன். இந்தக் கதவத் தரமாட்டேன். மாட்டேன், கேட்டியா?"

 கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் கனகமணி உள்ளுக்குள் நினைத்திருந்தாள், கேட்பதே பெரிய காரியம் என்று நினைத்திருந்தாள். மாட்டேன் என்று ஒரு பதில் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. கெஞ்சலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது. தாரணியைச் சொல்லிக் கெஞ்சினால் இவள் மனசு இளகினாலும் இளகும்.

"சரிங்கக்கா" என்றாள். "உங்களோடது. நான் தொடலைங்க. போயிட்டு வரனுங்க."

திரும்பி, தன் வீட்டுக் கூடத்தின் டைல்ஸை எதிர்பார்த்துக் காலை வைத்தாள். கால் மணலில் புதைந்தது.

வெயில் முகத்தில் அடித்தது. வலை உலர்த்தும் ஆட்கள், கவிழ்த்துப் போட்ட வள்ளம், கோயில் கோபுரத்தில் சிலுவை, அதற்கப்பால் பெரிய கடல். இத்தனை நாளும் ஜன்னல் சட்டத்துக்குள் மட்டும் பார்த்த கடல். கனகமணி சந்தோசப்படப் போனவள் அப்படியே திகைத்தாள், திருப்பூர் எங்கே, நாமக்கல் எங்கே, இந்த மூலை எங்கே! கதவு விட்டுவிட்டது, தூரம் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. வெறுங்காலோடு, நைட்டிமேல் போட்ட துண்டோடு, மாநிலத்தின் கடைக்கோடியில் நின்றாள். நல்லவேளை, போன் கையில் இருந்தது, பஸ்ஸுக்குப் பணம் அதிலேயே கட்டலாம்.

பின்னால் ஏதோ வந்து விழுந்தது. ததேயுமேரி தன் செருப்பையும் ஒரு பழைய சேலையையும் வாசலுக்கு வெளியே எறிந்திருந்தாள்.

"நாரோலுக்கு பஸ்ஸு இப்ப வரும். ஓடு. உனக்க பிள்ளயப் பாரு."

ஓடினாள். நாகர்கோவிலில் ஒரு பஸ், மதுரையில் ஒரு பஸ், திண்டுக்கல் தாண்டி ஒரு லெவல் கிராசிங்கில் கேட் போட்டுவிட்டான், கரூரில் டிரைவர் டீ குடிக்கப் போனான், அவள் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றுகொண்டே வந்தாள், உட்கார்ந்தால் வேகம் குறைந்துவிடும்போல. விடுதிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெற்றவர்களின் கார்கள் எல்லாம் போய்விட்டன. பெரிய இரும்பு கேட் சாத்தியிருந்தது.

"டைம் முடிஞ்சுதுங்கம்மா" என்றார் காவலாளி. "அடுத்த மாசம் வந்து பாருங்க."

"நான் பாக்க வர்லைங்க" என்றாள் கனகமணி. "கூட்டிட்டுப் போக வந்தனுங்க."

வார்டன் வந்தார், பெரியவர் யாரோ வந்தார், பரீட்சைக்கு எவ்வளவு நாள்தான் இருக்கிறது என்றார்கள், எல்லாப் பிள்ளைகளும் முதலில் இப்படித்தான் என்றார்கள், யோசித்துச் செய்யுங்கள் என்றார்கள். கனகமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கேட் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றாள். அந்நியச் சேலையும் பெரிய செருப்பும் உப்புப் பூத்த முகமுமாக அவள் நின்ற நிலையைப் பார்த்து அவர்கள் கடைசியில் தாரணியை அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். தாரணி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கும்படி பிடித்தாள்.

அந்த கேட்டைத் தாண்டும்போது கனகமணி ஒரு கணம் தயங்கினாள், மறுபடி எந்த அடுப்படியில் போய் விழுவோமோ என்று. கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள். லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. எதிரே ஒரு டீக்கடை இருந்தது.

அதற்குப் பிறகு கனகமணி ஒரே ஒரு வீடியோ போட்டாள். அடுப்பில்லாமல், சட்டியில்லாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்: "அந்தக் கடைசித் துண்டு எங்க வீட்டு வழக்கம் இல்லைங்க. வேற ஒருத்தரோடது. கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க. யாரோடதுன்னு சொல்றதுக்கும் நான் கேக்கலை, அதனால சொல்லலை. நீங்க மீன் கொழம்பு வைங்க. துண்டு பூராத்தையும் சாப்புடுங்க. கதவைச் சாத்திக்கோங்க." பிருந்தா தப்பை ஒத்துக்கொண்டு தன் வீடியோவை நீக்கிவிட்டாள், அவளுக்கு ரயில் நிலையம் திரும்பக் கிடைத்தது. அய்யாவுவும் பெயர் சொல்லாதவரும் அப்படியே நீக்கிவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரி மட்டும், நெட்டில் போட்டால் எல்லோருக்கும் பொது என்று பிடிவாதமாக இருக்கிறாள். காலையில் காபி நேரத்துக்குக் கனகமணி வீட்டில் வந்து நிற்கிறாள், ஒரு டம்ளர் குடிக்கிறாள், செருப்புத் தட்டைக் குறை சொல்கிறாள், போகிறாள். பழகிவிட்டது.

தாரணி உள்ளூர்ப் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். அவள் சாயங்காலம் வந்து கதவைத் தள்ளும்போதெல்லாம் கனகமணி இன்றும் ஓடித்தான் போகிறாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் போன் வந்தது. தெரியாத எண்.

"நான்தான் பிள்ளே. மேரி." பின்னால் அலைச்சத்தம் கேட்டது. "கதவு அசையவே இல்ல. காத்துக்குக்கூட அசையல்ல, மழ நனைஞ்சு ஊறிப் பெருத்துப் போச்சு போல. சும்மா கெடக்கு."

"உங்க செருப்பு எங்கிட்டத்தான் இருக்குதுங்கக்கா" என்றாள் கனகமணி. 

"அதச் சொல்லத்தான் விளிச்சேன்" என்றாள் மேரி.

அரைப்பரீட்சை விடுமுறையில் அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். கழுவி வெயிலில் காயவைத்த செருப்பு ஒரு பையில், இஸ்திரி போட்ட சேலை இன்னொரு பையில். ஊர் ஊராக இறங்கி ஏறி, இடுப்பொடிந்து, கடற்கரை மணலில் நடந்து அந்த வீட்டுக்கு வந்தபோது நண்பகல். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு எரிந்தது, அடுப்பின் மேல் ஓரம் உடைந்த சட்டி மூடாமல் இருந்தது. தாரணி உள்ளே காலை வைக்கப் போனாள், கனகமணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா" என்று வெளியில் நின்றபடியே கூப்பிட்டாள். "அவரில்லைங்க, கனகமணிங்க. என்ற புள்ளையும் வந்திருக்குது. உள்ள வரட்டுங்களா?"

கொல்லைப்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. ததேயுமேரி மெதுவாக நடந்து வந்தாள், ஓடி வரவில்லை. வந்தவள் வாசலில் நின்ற இருவரையும் பார்த்தாள், பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், ஒரு மூடியைத் தேடி எடுத்து, அந்தச் சட்டியை மூடினாள்.

"வாங்க" என்றாள்.